கல்லூரிக்கு எந்த மடிக்கணினி?

வணக்கம். கலந்தாய்வு முடிந்து இடம் உறுதியானதும் வீட்டில் எழும் அடுத்த கேள்வி, "எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்பதுதான். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் எந்த ஊரானாலும் இந்தக் கேள்வியோடு நேரே கடைக்குப் போய்விடுகிறோம். அதற்கு முன் பிள்ளை சேரப்போகும் துறையின் கணினி ஆய்வகத்துக்குப் போக வேண்டும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் எந்தெந்த மென்பொருளில் பயிற்சி தருகிறார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாங்கப்போகும் இயந்திரத்தை அந்தத் தாள்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் பருவத்தில் பெரும்பாலும் சி, பைத்தான் போன்ற எளிய வேலைதான் இருக்கும். ஆகவே அவசரப்படத் தேவையில்லை.

தாளில் சாலிட்வொர்க்ஸ், அன்சிஸ், ரெவிட், ஸ்டாட் ப்ரோ போன்ற பொறியியல் வடிவமைப்பு மென்பொருள்கள் இருந்தால் விண்டோஸ் மடிக்கணினிதான் வேண்டும். ஆப்பிள் மேக்கில் இவை நேரடியாக ஓடாது. கணக்கீட்டுக்கான மேட்லேப், பைத்தான், கட்டுரை அச்சமைக்கும் லேடெக் ஆகியவை மேக்கில் நன்றாக ஓடும் என்பதால் கணிதம், இயற்பியல் படிப்பவர்களுக்கு அது பொருந்தும். ஸ்னாப்டிராகன் என்ற பிராசஸர் (கணினியின் மூளையான சிப்) போட்ட விண்டோஸ் மடிக்கணினிகள் பேட்டரிக்குப் பேர்போனவை. ஆனால் அவற்றில் பொறியியல் மென்பொருள்கள் பல ஓடுவதில்லை. ஆய்வகக் கருவிகளை யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் டிரைவர் மென்பொருள்களும் ஸ்னாப்டிராகன் சேர்ந்த ஆர்ம் வகைக்கென்றே எழுதப்பட்டிருந்தால்தான் வேலை செய்யும். மின்னணுவியல் மாணவர்கள் ஸ்னாப்டிராகனைத் தவிர்ப்பது நல்லது.

பிராசஸரின் முழுப் பெயரையும் கடைசி எழுத்துவரை படியுங்கள். இன்டெல் 12, 13ஆம் தலைமுறையில் 'யு' என்று முடிந்தால் பெரும்பாலும் 15 வாட், 'ஹெச்' என்று முடிந்தால் 45 வாட் அடிப்படை மின்திறன். நீண்ட கணக்கீடுகளுக்கு 'ஹெச்' தாங்கும். எடை குறைவும் பேட்டரி நேரமும் 'யு'வில் கிடைக்கும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் பிராசஸரில் இன்னும் கவனம் தேவை. 7520யு, 7530யு, 7540யு மூன்றும் பெயரளவில் அண்ணன் தம்பிபோல இருந்தாலும் உள்ளிருக்கும் வடிவமைப்பு முறையே ஜென் 2, ஜென் 3, ஜென் 4. எண் கூடக்கூடப் புதியது. மூன்றாவது இலக்கம்தான் அதைச் சொல்கிறது. விலைச்சீட்டில் 'ரைசன் 5' என்று மட்டும் போட்டிருந்தால் முழு எண்ணையும் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட, ஓடும் மென்பொருள்கள் தங்கும் நினைவகமான ரேமில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 8 ஜிபி இன்றைக்குப் போதாது. விண்டோஸும் பிரவுசரும் சேர்ந்து பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டபின் வடிவமைப்பு மென்பொருளுக்கு மிஞ்சுவது சொற்பம். ரேம் நிரம்பியதும் கணினி, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யைத் தற்காலிக நினைவகமாக வைத்து ஓட்டும். அதன் வேகம் ரேமில் மிகச் சிறு பங்குதான். திரை உறைந்து நிற்பது அதனால்தான். 16 ஜிபி வேண்டும். பல பாகங்களைச் சேர்த்த பெரிய வடிவமைப்பு (அசெம்பிளி), சிமுலேஷன் என்றால் 32. "பின்னால் கூட்டிக்கொள்ளலாம்" என்று கடையில் சொன்னால், ரேம் கழற்றிச் செருகும் வகையா, பலகையோடு பற்றவைத்ததா என்று கேளுங்கள். மெல்லிய மாடல்களில் பெரும்பாலும் பற்றவைத்ததுதான், அதைக் கூட்ட முடியாது. செருகும் வகையென்றால் ஒரே 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி வேகம் தரும், காரணம் இரண்டு தடங்களிலும் தரவு ஓடும். 32க்குப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் ஒற்றை 16 வாங்கி, இன்னொரு இடத்தைக் காலியாக வைத்திருங்கள்.

எஸ்.எஸ்.டி. 512 ஜிபிக்குக் குறைய வேண்டாம். மின்னணுவியலில் வரும் சிப் வடிவமைப்பு மென்பொருளான விவாடோவை எல்லாச் சிப்புகளுக்கும் சேர்த்து நிறுவினால் அது மட்டுமே 100 ஜிபியைத் தொடும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு பாதிப் பேருக்குத் தேவையில்லை. ஆட்டோகேட் இரு பரிமாண வரைபடத்துக்கும் மேட்லேபுக்கும் உள்ளமைந்ததே போதும். முப்பரிமாணப் பெரு மாதிரிகளுக்கும் இயந்திரக் கற்றலுக்கும்தான் அது பயன்படும். கிராஃபிக்ஸ் கார்டிலேயே கணக்கீடு செய்ய உதவும் குடா தேவைப்பட்டால் என்விடியா கார்டுதான் வேண்டும். அப்போது 4 ஜிபி வீடியோ நினைவகம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் 6 அல்லது 8 ஜிபி பாருங்கள். அந்த வகை மடிக்கணினி சார்ஜரோடு ஏறத்தாழ மூன்று கிலோ. தினமும் பஸ்ஸில் போய்வரும் பிள்ளை அதைச் சுமக்க வேண்டுமே.

இனி நம்மூர் வெயில். பிராசஸர் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெத்தைமேல் வைத்தால் அடிப்பக்கக் காற்றுத் துளைகள் அடைபட்டு அந்த நிலை சீக்கிரம் வரும். மேசைமேல் வைத்து, பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்துங்கள். செம்மண் தூசி மின்விசிறியில் படியும். ஆண்டுக்கொரு முறை சுத்தம் செய்யுங்கள். எப்போதும் பிளக்கில் இருக்கும் மடிக்கணினிக்கு, தயாரிப்பாளரின் ஆப்பில் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். வெப்பத்தோடு முழு சார்ஜும் சேர்ந்தால் பேட்டரி வேகமாகக் கெடும். டச்பேட் மேலெழும்பினால் பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே அணைத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

வளவும் முற்றமுமாக இருக்கும் பழைய வீடுகளில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். உலோக உடல் மடிக்கணினியைச் சார்ஜ் போட்டபடி தொட்டால் கையில் மெல்ல விறுவிறுக்கும். சார்ஜருக்குள் மின்னிரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர் வழியே சிறு கசிவு வருகிறது. எர்த் இருந்தால் அது மண்ணில் இறங்கிவிடும். மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருந்தும் எர்த் கம்பி இழுக்காத வீடுகள் உண்டு. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்துவிடுங்கள். சார்ஜரின் மூன்றாவது முள்ளை உடைக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு ஒன்று. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். விலை மலிவு என்று 6, 7ஆம் தலைமுறையை எடுக்காதீர்கள்.

கடையிலேயே பெட்டியைப் பிரித்து, டாஸ்க் மேனேஜரில் ரேம் அளவையும் பிராசஸர் பெயரையும் பார்த்துவிடுங்கள். பெட்டியின் சீரியல் எண், இயந்திரத்தின் அடியில் உள்ள எண், பில்லில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.