ஆழ்கடல் அடியில் உலோகம் எடுக்கலாமா? 'கூடாது' அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணியினர் மூன்று வாதங்களை அடுக்கினார்கள். ஆழ்கடலின் அடி வெறும் பாலைவனமாம். உலோகம் செறிந்த கட்டிகளான மாங்கனீசு முடிச்சுகள் மண்ணுக்கு மேலேயே கிடக்கின்றனவாம், பொறுக்கினால் போதுமாம். கலங்கிய சேறு தானாகப் படிந்துவிடுமாம்.

பாலைவனமா நடுவர் அவர்களே? எல்லாரும் குறிவைப்பது ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையே இருக்கும் கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியை. ஆழம் 4,000 முதல் 5,500 மீட்டர். அங்கிருந்து அதுவரை கிடைத்த பதிவுகளை 2023-இல் தொகுத்தபோது, கணக்கு 5,578 விலங்கினங்கள் என்று வந்தது. பத்தில் ஏறத்தாழ ஒன்பதுக்கு அறிவியல் பெயரே இல்லை. வெளிச்சம் எட்டாத இடம் அது. மேலிருந்து உதிரும் துகள்தான் சாப்பாடு, அதிலும் மிகச் சிறு பங்குதான் அடிவரை வந்து சேரும். அதனால் தலைகளை எண்ணினால் குறைவு, இனங்களை எண்ணினால் ஏராளம். எதிரணி முதல் கணக்கோடு நின்றுவிட்டது.

இப்போது அந்த முடிச்சுக்கு வருகிறேன். உருளைக்கிழங்கு அளவுதான் இருக்கும். ஒரு சுறாப் பல்லையோ கிளிஞ்சல் துண்டையோ சுற்றி, பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் என்ற வேகத்தில் வளர்ந்தது. சுற்றிலும் மெத்தென்ற சேறு. கடற்பஞ்சும் பவளமும் வேர்பிடிக்க அங்கே இருக்கும் கெட்டியான தரை பெரும்பாலும் இந்த முடிச்சுதான். தென் அமெரிக்காவின் பெரு நாட்டருகே, கடலில் 4,000 மீட்டருக்கும் கீழே, முடிச்சில் முளைத்துச் செத்துப்போன கடற்பஞ்சின் தண்டில் ஓர் ஆக்டோபஸ் முட்டைகளை ஒட்டி, அவற்றைச் சுற்றி வளைத்துக்கொண்டு அடைகாப்பதை 2016-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். முடிச்சு போனால் தண்டு இல்லை, தண்டு போனால் முட்டைக்கு இடம் இல்லை. இதையா "பொறுக்கினால் போதும்" என்கிறார்கள்?

பொறுக்குவது கையால் அல்ல. எந்திரம் முடிச்சோடு மேல்மண்ணையும் சில சென்டிமீட்டர் உறிஞ்சும். புழுக்களும் பாக்டீரியாவும் செறிந்து வாழ்வது அந்த மேல்மண்ணில்தான். கிளம்பும் சேறு பக்கத்தில் படிந்து, நீரை வடிகட்டி உண்ணும் உயிர்களின் துளைகளை அடைக்கும். கப்பலில் பிரித்தெடுத்த கழிவுநீரை நடுக்கடல் ஆழத்தில் திருப்பிவிட்டால், அங்கே மிதக்கும் இழுதுமீன்களுக்கும் அதே கதி.

படிந்துவிடும் என்றார்களே, சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1989-இல் பெரு படுகையில் ஜெர்மன் ஆய்வாளர்கள் 8 மீட்டர் அகலக் கலப்பையை இழுத்துத் தரையை உழுதார்கள். முடிச்சுகளை எடுக்கக்கூட இல்லை, புதைத்தார்கள், அவ்வளவுதான். 26 ஆண்டுகள் கழித்து 2015-இல் போனால் உழவுச்சால் அப்படியே கிடந்தது. பாக்டீரியாவின் செயல்பாடுகூடப் பழைய நிலைக்கு வரவில்லை. சேற்றில் நடமாடும் சில உயிர்கள் திரும்பின, அதை நாங்கள் மறுக்கவில்லை. முடிச்சை நம்பி ஒட்டி வாழ்பவை திரும்ப எதில் ஒட்டும்?

கடைசியாக, "பாதுகாப்புப் பகுதிகள் இருக்கின்றனவே" என்பார்கள். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலடியில் சுரங்க வேலையை ஒழுங்குபடுத்தும், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கும் சர்வதேசக் கடற்படுகை ஆணையம் கிளாரியன்-கிளிப்பர்டனில் 13 பகுதிகளை ஒதுக்கியிருக்கிறது, நல்லது. ஆனால் பெரும்பாலானவை விளிம்பில் இருக்கின்றன. முடிச்சின் அடர்த்தியும் உணவு வரத்தும் இடத்துக்கு இடம் மாறும். ஒரே ஒரு முறை, ஒரே இடத்தில் மட்டும் கிடைத்த இனங்கள் ஏராளம். அவை ஒதுக்கிய பகுதியிலும் இருக்கின்றன என்று முதலில் மாதிரி எடுத்துக் காட்டட்டும். அதுவரை ஓர் எந்திரமும் கீழே இறங்கக் கூடாது, நடுவர் அவர்களே.