கோட்டோடு போன பர்ஸ்

(தலைப்பு: உல்லாசக் கப்பல்களில் உடைக் கட்டுப்பாடு தளர்ந்ததால் சாப்பாட்டில் பயணிகளுக்குக் கிடைத்தது சுதந்திரமா, செலவா? சிங்கப்பூர்ப் பட்டிமன்றத்தில் ‘செலவே’ அணியின் மூன்றாவது உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சிங்கப்பூர்ச் சொந்தங்களே, வணக்கம். எதிரணித் தலைவர் வணக்கம் சொல்லவே மூணு நிமிஷம் எடுத்துக்கிட்டார். நான் நேரா பந்திக்குப் போயிடறேன்.

பழைய கப்பல்ல ராத்திரிச் சாப்பாடு எப்படி இருந்தது? ஒரே பெரிய கூடம். ரெண்டு பந்தி. முதல் பந்தி ஆறு மணி வாக்கில, ரெண்டாவது எட்டு, எட்டரைக்கு. உங்களுக்கு இன்ன மேசைன்னு ஏறும்போதே சொல்லிடுவாங்க. முதல் பந்தி சாப்பிடும்போது ரெண்டாம் பந்திக்காரங்க அரங்கத்துல ஆட்டம் பார்ப்பாங்க. அப்புறம் இவங்க அங்கே, அவங்க இங்கே. சமையக்கட்டுக்கு எத்தனை தட்டு, எத்தனை மணிக்குன்னு முன்கூட்டியே தெரியும். ஏழு ராத்திரிப் பயணம்னா பெரும்பாலும் ரெண்டு ராத்திரி கோட்டு, டை, பட்டு. ஏறின முதல் ராத்திரியும், இறங்கறதுக்கு முந்தின ராத்திரியும் விலக்கு. ஏன் தெரியுமா? முதல் நாள் பெட்டி அறைக்கு வந்திருக்காது. கடைசி நாள் பெட்டியைக் கட்டி வாசல்ல வெச்சிருப்போம். சட்டம் போட்டவன் பொண்டாட்டி பிள்ளையோட பயணம் போனவன்தான்.

2000-ஆம் வருஷம் நார்வீஜியன் குரூஸ் லைன்காரங்க ‘ஃப்ரீஸ்டைல்’னு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. நேரம் உங்க இஷ்டம், மேசை உங்க இஷ்டம், உடுப்பும் ஏறக்குறைய உங்க இஷ்டம். 2008-ல அமெரிக்க விமானக் கம்பெனிகள் முதல் பெட்டிக்கே காசு வாங்க ஆரம்பிச்சதும், கோட்டைச் சுமந்துட்டு வர ஆளும் குறைஞ்சுது. மத்த கப்பல்களும் ஒவ்வொண்ணா இறங்கி வந்தது. இதையெல்லாம் எதிரணி சொன்னாங்க, சரியாத்தான் சொன்னாங்க. ஆனா பில்லைத் திருப்பிப் பார்க்காம மடிச்சு வெச்சுட்டாங்க.

எல்லாரும் ஒரே கூடத்துல உட்கார்ந்த வரைக்கும் சாப்பாடு டிக்கெட்டுக்குள்ள அடக்கம். அந்தக் கூட்டத்தைப் பிரிச்சு இத்தாலிச் சாப்பாடு ஒரு பக்கம், ஜப்பான் ஒரு பக்கம், மாட்டிறைச்சி வாட்டுற இடம் ஒரு பக்கம்னு ஆக்கினதும், வாசலுக்கு வாசல் ஒரு கல்லா முளைச்சுது. அதுக்குக் ‘கவர் சார்ஜ்’னு பேரு. தலைக்கு 30 டாலர்ல ஆரம்பிச்சு 60, அதுக்கு மேலயும் போகுது. அமெரிக்க டாலர் ஐயா, நம்ம வெள்ளி இல்லை. அதுக்கு மேல 18, 20 சதவீதம் சேவைக் கட்டணம். கோட்டைக் கழற்றிட்டு வாங்கன்னு அன்பாத்தான் சொன்னாங்க. கழற்றிக் குடுத்தோம். பர்ஸ் அந்தக் கோட்டுப் பையிலதான் இருந்தது!

நம்ம அண்ணாச்சி ஒருத்தர் இருக்கார். பேரு வேண்டாம், பாளையங்கோட்டைக்காரர்னு வெச்சுக்குவோம். அண்ணாச்சி, மதினி, எண்பது வயசு அம்மா. அந்த அம்மாவைத் தெருவே ஆச்சின்னுதான் கூப்பிடும். சைவம். எப்பேர்ப்பட்ட சைவம்? கேக்குல முட்டை இருக்கான்னு மோந்து பார்த்தே சொல்லிடற சைவம். அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம், அன்னன்னைக்குச் செலவை டைரியில எழுதாம தூங்க மாட்டார்.

இவங்க மூணு பேரும் சுதந்திரக் கப்பல்ல ஏறினாங்க. முதல் ராத்திரி அண்ணாச்சி அரைக்கால் டவுசரோட பஃபேக்குப் போறார். உடை கேட்க ஆள் இல்லைல்ல? அவரை மாதிரியே டவுசர் போட்ட ஆயிரம் பேர் முன்னாடி நிக்கிறாங்க. இடம் பிடிக்க மதினி ஒரு பக்கம், தட்டோட அண்ணாச்சி ஒரு பக்கம். ஆச்சி மட்டும் கரண்டியையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. “ஏலே, அந்தக் கோழிக்குள்ள கெடந்த கரண்டிய எடுத்துல்லா இவன் பயறுக்குள்ள போட்டுட்டுப் போறான்!” அன்னைக்கு ஆச்சிக்கு ராத்திரிச் சாப்பாடு ரெண்டு வாழைப்பழம்.

ரெண்டாம் ராத்திரி இத்தாலி. வாசல்ல ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே, “முன்பதிவு இருக்கா சார்?” போன்ல கப்பலோட ஆப்பைத் திறந்து பார்த்தா ஆறரையிலிருந்து எட்டரை வரைக்கும் எல்லாம் போயாச்சு. விவரம் தெரிஞ்சவங்க கரையில இருக்கும்போதே பிடிச்சுட்டாங்க. மிச்சம் இருந்தது அஞ்சேகால், இல்லைன்னா ஒன்பதேகால். அஞ்சேகாலுக்கு நாம காப்பி குடிப்போம். ஒன்பதேகாலுக்கு ஆச்சி ரெண்டாம் தூக்கத்துல இருப்பாங்க. நேரம் உங்க இஷ்டம்னு சொன்னாங்களே! இஷ்டம் உங்களுதுதான், மேசை வேற ஆளுது.

மூணாம் ராத்திரிதான் நடுவர் அவர்களே, நீங்க கவனிக்கணும். ஜப்பான் தெப்பன்யாக்கி. பெரிய இரும்புக் கல்லு, சுத்தி நாற்காலி, கண்ணு முன்னாடியே சமையல். தலைக்கு 50 டாலர். சமையல்காரத் தம்பி வந்தான், கரண்டியைச் சுத்தினான், முட்டையைத் தூக்கிப் போட்டுக் கரண்டி விளிம்புல உடைச்சான். பக்கத்து நாற்காலிக்கு இறாலை வாட்டினான், அதுக்கடுத்த ஆளுக்கு மாட்டிறைச்சி. எல்லாரும் கைதட்டறாங்க. அப்புறம் கல்லைச் சுரண்டி, துணியால ஒரு துடை துடைச்சு, ஆச்சி பக்கம் திரும்பி, அன்பா குனிஞ்சு, குடைமிளகாயும் காளானும் அதே கல்லுல போட்டான்.

ஆச்சி தட்டைப் பார்க்கலை, கல்லைப் பார்த்தாங்க. அண்ணாச்சியைப் பார்த்தாங்க. “ஏலே, இந்தக் கல்லுல இதுக்கு முன்ன என்னத்தலே வறுத்தான்?”

அண்ணாச்சி வாயே திறக்கலை. என்னத்தைச் சொல்ல? ஆச்சி சாப்பிட்டது மொதல்ல வெச்ச வெள்ளரிக்காய் சாலட். நாலு துண்டு. கவர் சார்ஜ் தலைக்குத்தானே ஒழிய, வயித்துக்கு இல்லை. மூணு பேருக்கு 150 டாலர், 20 சதவீதம் சேவைக் கட்டணம், மொத்தம் 180. அண்ணாச்சி டைரியை எடுத்து எழுதறார்: “வெள்ளரிக்காய், 4 துண்டு, 60 டாலர்.” பாளையங்கோட்டையில அந்தக் காசுக்கு வெள்ளரிக்காயைக் கட்டை வண்டியில கொண்டாந்து வாசல்ல கொட்டிட்டுப் போவான்! எதிரணித் தோழியாரே, துண்டு 15 டாலர். சுதந்திரம்ங்கறது இதுதானா? சிரிக்கிறீங்க, பதிலைக் காணோம்.

தப்பு அந்தத் தம்பி மேல இல்லை. சைவம்னா தனியா ஒரு சட்டி வேணும்னு குறைஞ்சது முந்தின நாளே சொல்லியிருந்தா தனியா சமைச்சுக் கொண்டாந்திருப்பாங்க. ஆனா ஏழு ராத்திரி ஏழு உணவகம்னா, ஏழு பேர்கிட்ட ஏழு தடவை முந்தின நாளே சொல்லணும். பழைய பந்தி முறையில ஒரே தடவை. தலைமைப் பணியாளர் மறுநாள் உணவுப் பட்டியலை முந்தின ராத்திரியே மேசைக்குக் கொண்டு வருவார். எதெது ஆகும், எதெது ஆகாதுன்னு அப்பவே குறிச்சுக் குடுத்துடலாம். உள்ளே சமைக்கிறவங்கள்ல நம்ம நாட்டு ஆள் இருந்தா, பட்டியல்லயே இல்லாத பருப்பும் ஜீரா சாதமும் மேசைக்கு வரும். காசு? அஞ்சு பைசா கூட இல்லை.

இப்ப எதிரணியில மூணாவதா பேசின தம்பிக்கு வரேன். பலமா கைதட்டல் வாங்கினார். என்ன சொன்னார்? “சோறு திங்கக் கழுத்துல கயிறு கட்டணுமா? கழுத்துல கயிறு கட்டித் தின்னா அது மாடு!” ஆகா! தம்பி, நீங்க இன்னைக்கு மேடைக்கு டை கட்டிட்டுத்தான் வந்திருக்கீங்க. அதை விட்டுடறேன்.

கயிறு கட்டாதவனைப் பட்டினி போட்டாங்களா? கியூனார்ட் கம்பெனியோட குயீன் மேரி 2, 2004-ல ஓட ஆரம்பிச்சது. இன்னைக்கும் ‘காலா’ன்னு சொல்ற விருந்து ராத்திரிக்கு உடுப்புக் கேக்குற கப்பல். அன்னைக்கும் கோட்டுப் போடாதவனுக்குக் கிங்ஸ் கோர்ட் பஃபே திறந்திருக்கு, கோல்டன் லயன்ங்கற பப் திறந்திருக்கு. பஃபேயில டிக்கெட்டுக்குள்ளயே சாப்பிட்டுக்கலாம். கயிறும் கட்டாயமில்லை. அவங்கவங்க நாட்டுச் சம்பிரதாய உடை போதும். பட்டு வேட்டி, பட்டுச் சட்டையோட கம்பீரமா உள்ளே போகலாம்.

வேட்டின்னதும் ஞாபகம் வருது. 2014-ல சென்னையில ஒரு மன்றம், வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியையே வாசல்ல நிறுத்திச்சு. அதுக்கப்புறம் தமிழ்நாட்டுல சட்டமே போட்டாங்க. நமக்குக் கோபம் எதுல வந்தது? உடைக்கு விதி இருக்குன்னா? இல்லை, நம்ம உடையை மதிக்கலைன்னு! விதியே வேண்டாம்னு நாம என்னைக்குச் சொன்னோம்? கல்யாணப் பந்திக்குப் பனியனோட போவீங்களா தம்பி? இலையில விழறது அதே சாம்பார்தான். இருந்தாலும் பட்டைக் கட்டிக்கிட்டு, பாயசம் சிந்திடுமோன்னு பயந்து பயந்து சாப்பிடறோமே, எதுக்கு? வெக்கைக்கு ஏத்த மாதிரி விதியை வளைச்சவனும் வெள்ளைக்காரன்தான். செங்கடல் தாண்டுற கப்பல்ல கோட்டைக் கழற்றிட்டு, வெள்ளைச் சட்டையும் இடுப்புப் பட்டியுமா விருந்துக்கு வந்தான். ‘செங்கடல் உடுப்பு’ன்னு அதுக்குப் பேரே உண்டு. வளைச்சுக்கிட்டானே தவிர, ஒடிச்சு எறியலை.

இன்னொண்ணு. இஷ்டப்பட்ட கப்பல்லயும் விதி இருக்கு தம்பி. கையில்லாத பனியன், ஈர நீச்சல் உடை, வெறுங்கால் இதோட சாப்பாட்டுக்கூடத்துக்கு வந்தா வாசல்லயே திருப்பிடுவான். ஆக மாடுன்னு பார்த்தா எல்லாரும் மாடுதான். எங்க மாட்டுக்குக் கயிறு, உங்க மாட்டுக்குச் செருப்பு.

“தனிக்காசு உணவகம் 1905-லயே ‘அமெரிக்கா’ங்கற ஜெர்மன் கப்பல்ல வந்துடுச்சே, டைட்டானிக்லயும் இருந்ததே, அப்ப எல்லாரும் கோட்டுல்ல போட்டிருந்தான்?”னு தோழியார் மடக்கினாங்க. நல்ல கேள்வி. அம்மா, அன்னைக்கு அங்கே போனது கோடீஸ்வரன். அவனுக்குக் காசைக் கொட்ட ஒரு இடம் தேவைப்பட்டது. அண்ணாச்சி தவணையில டிக்கெட் எடுத்தவர்! (நடுவர் சிரிக்கிறார். அதையும் மதிப்பெண்ல சேர்த்துக்கறேன்.)

ராயல் கரீபியன் கம்பெனிக்காரங்க 2014-ல குவாண்டம் கப்பலை விட்டாங்க. ஒரே கூடம்ங்கறதை எடுத்துட்டு, கட்டணமில்லாத நாலு உணவகம். அதுல ‘தி கிராண்ட்’ல மட்டும் தினமும் விருந்து உடுப்பு. உடுத்த ஆசைப்படறவன் அங்கே போகட்டும்னாங்க. அருமையான யோசனை, காகிதத்துல. தினம் தினம் முன்பதிவு, வாசல்ல வரிசை, ஒவ்வொரு ராத்திரியும் புதுப் பணியாளர்கிட்ட “எனக்கு வேர்க்கடலை ஆகாது”ன்னு மறுபடி முதல்லேர்ந்து. பயணிகள் முணுமுணுத்தாங்க. முதல்ல பழைய மாதிரி குறிச்ச நேரம், தெரிஞ்ச பணியாளர்ங்கற தேர்வைத் திருப்பிக் குடுத்தாங்க. கொஞ்ச காலத்துல அந்த ஏற்பாட்டையே கைவிட்டாங்க. காசே வாங்காத நாலு கடையே நிக்கலை ஐயா!

மணி அடிக்கப் போறாங்க. அண்ணாச்சிக்குத் திரும்பி வரேன்.

மறு வருஷமும் போனாங்க. மதினி பிடிவாதம். இந்தத் தடவை பழைய முறைக் கப்பல். முதல் பந்தி, ஜன்னலோர மேசை, ஏழு ராத்திரியும் அதேதான். பரிமாறினது ஒரு பிலிப்பைன்ஸ் தம்பி. முதல் ராத்திரி ஆச்சி சுடுதண்ணி கேட்டாங்க. அண்ணாச்சி ஆங்கிலத்துல சொன்னார், கொண்டாந்தான். ரெண்டாம் ராத்திரி, நாற்காலியை இழுத்து உட்காருமுன்னே ஆச்சி முன்னாடி ஒரு டம்ளர் ஆவி பறக்குது. மூணாம் ராத்திரி அந்தத் தம்பி டம்ளரை வெச்சுட்டு, குனிஞ்சு, “சுது தன்னி, ஆச்சி”ன்னான். யாரு சொல்லிக் குடுத்தா? யாரும் இல்லை. ரெண்டு ராத்திரி காதுல விழுந்தது. நேத்து இங்கே, இன்னைக்கு அங்கேன்னு சாப்பிட்டிருந்தா எவன் காதுல விழுந்திருக்கும்?

விருந்து உடுப்பு ராத்திரி. மதினி பெட்டியோட அடியிலிருந்து ஒரு பொதியை எடுத்தாங்க. பழைய வேட்டித் துணியில சுத்தின அரக்குப் பட்டு. தாத்தா போன பிறகு பதினாலு வருஷமா ஆச்சி உடுத்தாதது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பின் வரிசை நாற்காலி, நூல் புடவை. “எனக்கு எதுக்குளா இது?”ன்னாங்க. மதினி சொன்னா, “இன்னைக்குப் பட்டு கட்டலைன்னா உள்ள விடமாட்டாவளாம் அத்தை.”

பொய். சுத்தப் பொய். நான்தான் சொன்னேனே, பஃபே திறந்திருக்கும். ஆனா அந்த விதியைக் காட்டித்தான் ஆச்சியைப் பட்டு கட்ட வைக்க முடிஞ்சுது. ஊர் வாய் என்ன சொல்லுமோன்னு பதினாலு வருஷம் ஒதுங்கி நின்ன பொம்பளை, கப்பல் சட்டம்னு சொன்னதும் மறுபேச்சில்லாம கொசுவத்தைச் சொருகிட்டு வந்தாங்க.

மாடிப்படி கிட்ட போட்டோக்காரன் நிப்பான். விருந்து ராத்திரி வழக்கம் அது. எடுக்கிறது சும்மா, வாங்கினாத்தான் காசு. அண்ணாச்சி வாங்கினார். ஆமா, அதுவும் செலவுதான், எதிரணி தாராளமா குறிச்சுக்கலாம். பாளையங்கோட்டை வீட்டுல, தாத்தா படத்துக்குப் பக்கத்துலதான் மாட்டியிருக்காங்க. ஆச்சி பட்டுல நிக்கிறாங்க, கையில அந்தச் சுடுதண்ணி டம்ளர்.

வெள்ளரிக்காயை டைரியில எழுதின மனுஷன், அந்தப் போட்டோ விலையை எந்தப் பக்கத்துலயும் எழுதலை.

மணி அடிச்சாச்சு. வணக்கம்.