முடிவெடுக்க அவர்களுக்கு நேரம் கொடுங்கள்

வணக்கம். "பதினாறு வயதில் இவர்களுக்கு என்ன தெரியும்? பாடத்தை இவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று எப்படி விடுவது?" பெற்றோர்களைச் சந்திக்கும் இடத்திலெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது.

லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவசரமில்லாமல் உட்கார்ந்து, தகவலை எடைபோட்டு யோசிப்பதில் 16 வயதுக்காரர்கள் ஏறக்குறைய பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் தடுமாறுவது உணர்ச்சி கொதிக்கும்போதும் நண்பர்கள் சூழ்ந்திருக்கும்போதும்தான். பாடத்தைத் தேர்ந்தெடுப்பது நிதானமாகச் செய்யக்கூடிய வேலை. நாம் அதை எப்போது பேசுகிறோம்? மதிப்பெண் வந்த ராத்திரியில். உறவினர்கள் வரிசையாக போன் செய்வார்கள், படிவத்துக்கு மறுநாள் கடைசி நாளாக இருக்கும். அந்தக் கொதிப்பில் நாமே ஒழுங்காக யோசிக்க மாட்டோம்.

சில மாதங்கள் முன்னாலேயே பேச்சை ஆரம்பியுங்கள். "எந்தப் பாடம் பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "வேதியியல் பிடிக்கல" என்று மகள் சொன்னால், பிடிக்காதது பாடமா, ஆசிரியரா, போன பரீட்சை மார்க்கா என்பது அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். "வேறொருவர் நடத்தினால்? உன் நண்பர்கள் யாருமே அதை எடுக்காவிட்டால்? பரீட்சையே இல்லை என்றால் எந்தப் புத்தகத்தைப் புரட்டுவாய்?" இப்படிக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் நமக்கு வராது!

அப்புறம், அடுத்த வகுப்புப் புத்தகத்தை அவளே திறந்து பார்க்கட்டும். பாடத்தின் பெயர் ஏமாற்றும். மனசைப் படிக்கலாம் என்று உளவியலுக்கு வருகிறவர்கள் புள்ளியியலைப் பார்த்து விழிக்கிறார்கள். விளையாட்டுச் செயலி உருவாக்கும் ஆசையில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் தர்க்கத்தில் திணறுகிறார்கள்.

எந்தப் பாடத்தை விட்டால் எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது என்பதையும் அவளே தேடிப் பார்க்கட்டும். "கணக்கை விட்டால் வாழ்க்கையே போச்சு" என்பது மிரட்டல். "கணக்கு இல்லாமல் பொறியியல் கஷ்டம்" என்பது தகவல், அதைத் தாராளமாகச் சொல்லுங்கள்.

இதற்குத் தலையிடவே கூடாது என்று அர்த்தமில்லை. மனிதர்களின் ஊக்கத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும், தன்னுரிமைக்கு இடம் கொடுப்பதும் கைவிடுவதும் வேறு வேறு என்கிறார்கள். காரணம் சொல்லுங்கள். பண விஷயத்தில் எல்லை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிவெடுத்த பிறகு "அதெல்லாம் கட்டுப்படியாகாது" என்றால் அடுத்த தடவை உங்களிடம் பேசவே வர மாட்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு "உன் இஷ்டம்" என்றால் அதைக் கோபமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

சிலர் "நீங்களே சொல்லுங்க" என்று நழுவுவார்கள். நாளைக்குத் தவறானால் பழி உங்கள் மேல் விழும், அதில் ஒரு நிம்மதி. உங்கள் கருத்தைக் காரணத்தோடு ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். படிவத்தை அவர்களிடமே கொடுங்கள். சேர்ந்த பிறகு பாடத்தை மாற்ற எத்தனை நாள் அவகாசம் என்று பள்ளியில் கேட்டுவரும் வேலையையும் அவர்களிடமே விடுங்கள்.