எத்தனையாம் எண் கூண்டு?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னை இராயபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு கேள்வி வீட்டுக்கு வீடு நடக்கும். "எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்?" கூண்டு என்றால் துறைமுகக் கம்பத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கை அடையாளம். வலையை உதறிக்கொண்டிருக்கும் மீனவர் கேட்பார். துறைமுகத்தில் மூட்டை சுமக்கப் போகும் என் தந்தையும் கேட்பார். பதில் வானொலியில்தான் வரும். வானிலை அறிக்கை முடியும்வரை எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. பிற்காலத்தில் நான் புவியியல் ஆசிரியன் ஆனேன். அந்தக் கூண்டு எண்ணின் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் நாள், அவர்கள் மட்டுமல்ல, நான் பிறந்த தெருவே அதைத் தவறாகப் புரிந்து வைத்திருக்கிறது என்று தெரிந்தது. இன்று அதைத்தான் பேச விரும்புகிறேன்.

முதலில் ஊரைப் பார்ப்போம். 1639இல் ஆங்கிலேயர் இந்த மணல்கரையில் இடம் வாங்கியபோது இங்கே துறைமுகம் கிடையாது. வளைகுடா கிடையாது, மலை மறைப்பு கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் மனிதரும் மசூலா படகில் ஏறி அலையைக் கடந்து கரைக்கு வரவேண்டும். அந்தப் படகுக்கு ஆணி அடிப்பதில்லை, பலகைகளைக் கயிற்றால் தைப்பார்கள். அலை அறையும்போது தைத்த பலகை நெளிந்து கொடுக்கும். ஆணி அடித்தது பிளந்துவிடும். கோட்டையில் இருந்தவர்கள் எவ்வளவு அதிகாரம் செய்தாலும், கரையில் கால் வைக்க நம் கடலோர மக்களின் தோளும் துடுப்பும் இல்லாமல் முடியாது. இதை நம் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் அந்தத் திறந்த கடல் கப்பல்களுக்குப் பொறி. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை சோழமண்டலக் கரையை விட்டு விலகுவதே அக்காலக் கப்பல் தலைவர்களின் வழக்கம். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே சென்னையைக் கைப்பற்றினார். கோட்டையைத் திருப்பித் தருவதற்குப் பணம் பேசிக்கொண்டே நாள்கள் ஓடின, அக்டோபர் பாதியாகிவிட்டது. அப்போது அடித்த புயலில் அவருடைய கப்பல்கள் பல மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆங்கிலேயப் பீரங்கிகள் செய்யாததை ஓரிரவுக் காற்று செய்தது.

பிறகு துறைமுகம் கட்டத் துணிந்தார்கள். 1876இல் தொடங்கிய அலைத்தடுப்புச் சுவர்களை 1881 நவம்பர் புயல் உடைத்துப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள். அது நின்றது. ஆனால் கடற்கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அந்தச் சுவர் மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே எங்கள் பக்கத்துக் கரைக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் தெருத்தெருவாக அரித்தது. மெரினாவின் மணலில் பாதி எங்களுடையது என்று இராயபுரத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். கணக்கு எப்படியோ, வருத்தம் நியாயமானது.

இப்போது கூண்டுக்கு வருகிறேன். 1864இல் கல்கத்தாவைப் பெரும்புயல் சூறையாடியது. அதன் பிறகே இந்தியத் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை தரும் முறை தொடங்கியது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. பகலில் கூம்பும் உருளையுமான கூண்டுகளைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். கூண்டு பேசியது கப்பல்களோடு. கரையிலிருந்த நாம் அதை ஒட்டுக்கேட்டுப் பழகினோம்.

எண் ஏற ஏற ஆபத்து ஏறுகிறது என்றே நாம் நினைக்கிறோம். பாதி சரி. 1, 2 என்றால் தொலைவில் எங்கோ கடல் கலங்கியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்து. அவற்றுக்குள் வேறுபாடு திசைதான். புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடந்தால் 5. வலப்பக்கம் விட்டுக் கடந்தால் 6. துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. பெரும் ஆபத்துக்கு இதே வரிசையில் 8, 9, 10. கடைசியாக 11: வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். எனக்கு எப்போதும் அச்சம் தருவது அந்த எண்தான்.

இடம், வலம் என்பதில் என்ன இருக்கிறது? உயிர் இருக்கிறது. வங்கக்கடல் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. மேற்கு நோக்கி வந்து கரையேறும்போது அதன் வலப்பக்கம், அதாவது வடக்கே, இருக்கும் ஊரில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். கடலையும் கூடவே தள்ளிக்கொண்டு வரும். தெற்கே இருக்கும் ஊரில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும். 2012 அக்டோபரில் நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. சென்னை அதற்கு வடக்கே. பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் பிடிக்காமல் நகரின் கரைக்கே வந்து தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகள் சிலர் கடலில் மாண்டார்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலும் மாமல்லபுரம் அருகேதான் கடந்தது. மாற்றுத்திறனாளிகளுக்காக மெரினாவில் சில நாள் முன்பு திறந்த மரப்பாதையை அலை பெயர்த்தது. புயல் தெற்கே கடக்கிறது, நமக்கு ஒன்றுமில்லை என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

2016 டிசம்பர் 12 நினைவிருக்கிறதா? வர்தா புயலின் கண், அதாவது காற்று அடங்கிய அதன் நடுப்பகுதி, நகரின் மேலேயே வந்தது. மரங்கள் சாய்ந்துகொண்டிருந்த பிற்பகலில் திடீரென்று காற்று நின்றது. எங்கள் தெருவில் பலர் வெளியே வந்து விழுந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீடு வீடாகப் போய் உள்ளே போகச் சொல்லிக் கெஞ்சினேன். கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்பி வரும். வந்தது. முதல் காற்றுக்குத் தப்பிய மரங்கள் இரண்டாம் காற்றில் விழுந்தன.

ஆனால் கூண்டு சொல்லாத ஒன்று உண்டு: மழை. 2015 டிசம்பர் 1 அன்று சென்னையைப் புயல் எதுவும் கடக்கவில்லை. அடையாறு வீடுகளுக்குள் புகுந்தது. 2023இல் மிக்ஜாம் புயல் ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரை கடந்தது. அதற்கு முன் நம் கடலோரம் மெல்ல ஊர்ந்து, டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. தட்டையான ஊர் இது. ஆறுகளின் முகத்தில் மணல் அடைத்திருக்கும். புயல் நேரத்தில் கடலும் உயர்ந்து நிற்கும். வெள்ளம் எங்கே போகும்? அதைத் தாங்கிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியில் வீடு கட்டி, குப்பை கொட்டி, சாலை போட்டுவிட்டோம். எஞ்சியதற்கு 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. அந்த எஞ்சியதில் ஒரு முழம்கூடக் குறையக் கூடாது.

கப்பலுக்கு ஒரு கூண்டு இருப்பதுபோலத் தெருவுக்கும் ஓர் அடையாளம் வேண்டும் என்று நான் கேட்கிறேன். 2015இல் இங்கே தண்ணீர் இவ்வளவு, 2023இல் இவ்வளவு என்று ஒவ்வொரு தெருமுனையிலும் மாநகராட்சி ஒரு கோடு போட்டு வைக்கட்டும். செலவு ஒரு டப்பா பெயின்ட். வீடு வாங்க வருபவரும் அதைப் பார்க்கட்டும்.

வேளச்சேரியில் இருக்கும் என் தங்கை காத்திருக்கவில்லை. தன் வீட்டு மாடிப்படிச் சுவரில் இரண்டு கோடு போட்டிருக்கிறாள். வானொலியில் புயல் செய்தி வந்தால் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணா, எத்தனையாம் எண்?" என்று கேட்கிறாள். சொல்கிறேன். பிறகு அரிசி மூட்டையை மேல் கோட்டுக்கு மூன்று படி மேலே ஏற்றி வைக்கிறாள்.

வணக்கம்.