மேஸ், லாபிரிந்த், சக்கரவியூகம் எல்லாம் ஒண்ணா?

அடுத்த கேள்வி. "மேஸும் லாபிரிந்தும் ஒண்ணுதானா? 'சட்டத்தின் லாபிரிந்த்'னு வந்தா தமிழ்ல எப்படி எழுதறது? சுவத்துல கையை வச்சுக்கிட்டே நடந்தா எந்த மேஸ்லயும் வழி கிடைச்சிடுமா?"ன்னு கேட்டிருக்காங்க.

பேச்சு வழக்குல ரெண்டையும் மாத்தி மாத்திதான் சொல்றாங்க. ஆனா இதை வரையறவங்க, கட்டறவங்க பிரிச்சுத்தான் பேசுவாங்க. லாபிரிந்த்ல வழி ஒண்ணே ஒண்ணு, கிளையே கிடையாது. வளைஞ்சு வளைஞ்சு நடுவுல கொண்டுபோய் விடும், திரும்பினா வாசல். பிரான்ஸ்ல ஷார்த்ர் தேவாலயத் தரையில 13ஆம் நூற்றாண்டுல பதிச்சது இந்த வகை. 11 சுத்து, குறுக்களவு 13 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ஆனா நடந்தா கால் கிலோமீட்டருக்கு மேல வரும். நம்ம ஊர்ல வரையற ஏழுசுத்துக் கோட்டையும் இதேதான். மேஸ்ல வழி பிரியும், முட்டுச்சந்து இருக்கும். லண்டன் பக்கத்துல ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில 1700 வாக்குல வேலிச்செடி நட்டுப் போட்டது மேஸ்.

ஏழுசுத்தை ஒரு தடவை வரைஞ்சு பாருங்க, புரிஞ்சிடும். ஒரு கூட்டல் குறி. அதோட வலது மேல் மூலையில 'ட' போடுங்க. மத்த மூணு மூலையிலயும் அதையே திருப்பிப் போடணும், மடங்கின இடம் நடுவைப் பார்த்து இருக்கணும். ஒவ்வொரு மூலைக்கும் வெளியோரத்துல ஒரு புள்ளி. மொத்தம் 16 முனை. கூட்டல் குறியோட மேல்நுனியை வலப்பக்கத்து அடுத்த முனையோட வளைவா சேருங்க. அப்புறம் இடப்பக்கம் அடுத்த முனையை வலப்பக்கம் அடுத்த முனையோட, முந்தின வளைவுக்கு வெளிய சேருங்க, இப்படியே 8 வளைவு. நிறையப் பேர் புள்ளியை முனையா எண்ண மறந்துடுவாங்க. அங்க தாண்டினா அதுக்கப்புறம் எல்லா ஜோடியும் ஒண்ணு தள்ளிப்போகும், கடைசியில ஒரு முனை தனியா நிக்கும்.

இப்போ கை விஷயம். எல்லா மேஸுக்கும் அது ஒத்துவராது. எல்லாச் சுவரும் வெளிச்சுவரோட ஒட்டித் தொடர்ந்து வந்தா, வாசல்லயே வலது கையை வச்சு, கடைசி வரைக்கும் எடுக்காம நடந்தா நடுவையும் பார்த்துட்டு வெளிய வந்துடலாம். நடு இடத்தைச் சுத்தி தனியா, தீவு மாதிரி ஒரு சுவர் நின்னா, உங்க கை அதைத் தொடவே தொடாது. நடுவைப் பார்க்காமலே வாசலுக்கு வந்து நிப்பீங்க. பாதியில நினைவு வந்து தீவுச் சுவத்துல கையை வச்சா இன்னும் மோசம், அதையே சுத்திக்கிட்டு இருக்க வேண்டியதுதான். இங்கிலாந்துல சீவ்னிங் மாளிகை மேஸ் இந்த வித்தையை முறியடிக்கவே போட்டது.

அந்த மாதிரி இடத்துக்கு ட்ரெமோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் சொன்ன முறை இருக்கு. சாக்பீஸ் எடுத்துக்கோங்க. ஒவ்வொரு சந்திப்புலயும் வந்த வழிக்கு ஒரு கோடு, போற வழிக்கு ஒரு கோடு. புதுச் சந்திப்புன்னா எந்த வழியிலயும் போகலாம். புது வழியில வந்து பழைய சந்திப்புல முட்டினா, வந்த வழியே திரும்பிடணும். மத்த நேரத்துல கோடு கம்மியான வழி. ரெண்டு கோடு விழுந்த வழிக்குள்ள நுழையவே கூடாது.

உவமையா சொல்றதுக்கு வருவோம். லாபிரிந்தை 'சக்கரவியூகம்'னு மொழிபெயர்க்கறாங்க. கர்நாடகாவுல ஹளேபீடு கோயில் சிற்பத்துல அபிமன்யு சுத்துச்சுத்தான பாதைக்குள்ள நிக்கறதைப் பார்த்தா அது சரின்னுதான் தோணும். ஆனா அபிமன்யு வழி தெரியாம அலையல. உள்ள போகத் தெரியும், வெளிய வரத் தெரியாது, பின்னாடி வந்தவங்களை ஜயத்ரதன் மறிச்சிட்டான். அதனால ஆளுங்க சுத்தி வளைச்சு மாட்டவச்ச கதைக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்ட பிரச்சினைக்கு 'இடியாப்பச் சிக்கல்' இருக்கு, அதுல பாதையே கிடையாது.

வழக்கு ஒரு கோர்ட்டுல முடிஞ்சு அடுத்த கோர்ட்டு, அப்புறம் மேல்முறையீடுன்னு நீளுது, ஆனா வரிசை ஒண்ணுதான்னா அது லாபிரிந்த். 'நீண்ட சுற்றுவழி'ன்னு எழுதலாம். எந்தச் சட்டப் பிரிவுல போறதுன்னே தெரியாம முட்டி முட்டித் திரும்பினா அது மேஸ், 'புதிர்ப்பாதை'. கேட்டவர் சொன்ன வரி எதைப் பத்தின்னு பார்த்துட்டு ரெண்டுல ஒண்ணை வச்சுக்கோங்க.