ஈப்பரில் இரவு எட்டு மணி

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை நந்தம்பாக்கத்தில் போர் வீரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். சீராக வெட்டிய புல்தரை, வரிசை வரிசையாக வெண்கற்கள். அந்த வழியாகத்தான் நான் பள்ளிக்கூடம் போவேன். இவர்கள் யார், இவ்வளவு தூரம் வந்து ஏன் இங்கே கிடக்கிறார்கள் என்று அப்போதே மனத்தில் விழுந்த கேள்வி, பணி ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பெல்ஜியம் வரை இழுத்துக்கொண்டு போனது.

பெல்ஜியத்தில் ஈப்பர் என்று ஒரு சிறிய நகரம். பிரெஞ்சில் ஈப்ர என்பார்கள். அந்தப் பெயர் நாக்கில் நுழையாத ஆங்கிலேயச் சிப்பாய்கள் அதை 'வைப்பர்ஸ்' ஆக்கிவிட்டார்கள். முதல் உலகப் போரில் 1914 முதல் 1918 வரை ஜெர்மன் படை இந்த ஊரை மூன்று பக்கமும் வளைத்து நின்றது. ஊரில் ஒரு கட்டடம்கூட முழுதாக மிஞ்சவில்லை. 1915 ஏப்ரல் 22 அன்று குளோரின் நச்சுப்புகை அவிழ்த்துவிடப்பட்டதும் இதன் அருகில்தான். நான்கே நாளில், அதே களத்தில், இந்தியாவிலிருந்து போன லாகூர் டிவிஷன் எதிர்த்தாக்குதலில் இறங்கியது.

பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் போனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பலர் காலையில் போய் மாலையில் திரும்பிவிடுகிறார்கள். நேயர்களே, அப்படிச் செய்யாதீர்கள். ஓர் இரவு தங்குங்கள். ஏன் என்பதைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

ஊரின் கிழக்கு வாயிலில் மெனின் வாயில் என்ற பெரிய வளைவு நிற்கிறது. 1927இல் திறந்தார்கள். பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் போரிட்டு உடல் கிடைக்காத, கல்லறை இல்லாத வீரர்கள் 54,000 பேருக்கும் மேல், அவர்களுடைய பெயர்களை அதன் சுவர்களில் செதுக்கியிருக்கிறார்கள். அத்தனை பெரிய வாயிலும் போதவில்லை. 1917 ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு காணாமல் போனவர்களின் பெயர்கள், இன்னும் ஏறக்குறைய 35,000, சில மைல் தள்ளியுள்ள டைன் காட் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குப் போய்விட்டன. திறப்பு விழாவில் தளபதி ப்ளூமர், 'அவன் காணாமல் போகவில்லை, இங்கே இருக்கிறான்' என்றார். மகனின் உடலைக்கூடப் பார்க்காத தாய்மார்கள் முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாயிலில் தினமும் இரவு எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு எக்காளம் ஊதுகிறார்கள். 1928இல் தொடங்கிய வழக்கம் இது. இரண்டாம் போரில் ஜெர்மானியர் ஊரைப் பிடித்திருந்தபோது இங்கிலாந்தில் வைத்து ஊதினார்கள். 1944 செப்டம்பரில் ஊர் விடுதலையான அன்று மாலையே எக்காளம் மறுபடி இங்கே ஒலித்தது. தெருவில் சண்டை ஓய்ந்தும் ஓயாத நேரம்! மழையோ பனியோ, இன்றைக்கும் உண்டு.

நான் போன அன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். இந்தியப் படைப்பிரிவுகளின் பெயர்கள் இருக்கும் பகுதியைத் தேடிப் பிடித்தேன். சிப்பாய், நாயக், ஹவில்தார் என்ற பதவிகளின் கீழே சிங்குகள், கான்கள், கூர்க்காக்கள். வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன், நந்தம்பாக்கத்திலும் அப்படித்தான். கல்லில் இருக்கும் பெயரைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தால் என் மனம் ஒப்பாது.

பின்னால் ஒரு மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். உள்ளூர்க்காரர், கையில் காய்கறிப் பை. "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். அவரும் சொல்லிப் பார்த்தார். வரவில்லை. மெதுவாக, எழுத்தெழுத்தாகச் சொன்னேன். மூன்றாவது தடவை சரியாக வந்துவிட்டது. சிறு வயதிலிருந்து இந்த வாயிலைக் கடந்துதான் கடைக்குப் போகிறாராம், இந்தப் பெயர்களை ஒருவர் சொல்லி அவர் கேட்டதே இல்லையாம். அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர் என்று எட்டு மணி வரை நாங்கள் இருவரும் படித்தோம். எக்காளம் ஒலித்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன்: ஓர் இரவு தங்குங்கள், ஒரு பெயரையாவது வாய்விட்டுப் படியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்த வயல்களில் உழும்போது இன்றைக்கும் எலும்புகள் வருகின்றன, வெடிக்காத குண்டுகள் வருகின்றன. எலும்பு யாருடையது என்று தெரிந்துவிட்டால் முறைப்படி அடக்கம் செய்து, பெயர் பொறித்த கல்லை நடுகிறார்கள். பிறகு அந்தப் பெயரைச் சுவரிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அவர் கிடைத்துவிட்டார் அல்லவா? டைன் காட் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ஏறக்குறைய 12,000 கல்லறைகளில் 8,000க்கும் மேற்பட்டவற்றில் பெயர் இல்லை என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஊரைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். துணி மண்டபத்தை மட்டுமாவது சொல்லிவிடுகிறேன். கம்பளித் துணி வணிகத்தில் கொழித்த காலத்தில், 13ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. போரில் அது தரைமட்டம். இடிபாடுகளை நினைவுச்சின்னமாக அப்படியே விட வேண்டும் என்றார் சர்ச்சில். ஊர் மக்கள் கேட்கவில்லை, பழைய வடிவத்திலேயே திருப்பிக் கட்டினார்கள். வேலை முடிய 1967 ஆகிவிட்டது. உள்ளே போர் அருங்காட்சியகம் இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், அரை நாள் வேண்டும். மாலையில் கோட்டை மதில்மேல் நடந்தால் மெனின் வாயிலுக்கே வந்து சேரலாம். ஏழு மணிக்கு அங்கே இருந்தால் முன்வரிசையில் இடம் கிடைக்கும். வணக்கம்.