பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஓடத்தான் வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வயல் வேலை முடித்து வந்தும் எழும்பிப் போகாமல் இருந்து கேட்கிற எங்கள் சனங்களே, வணக்கம்.

எங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வரை, ஏறக்குறைய 50 கிலோமீற்றர், ஓடப் போகிறோம் என்கிறார்கள். ஓடி முடிக்கிற ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஊரும் உறவும் தருகிற காசு, கால் இழந்தவர்களின் செயற்கைக் காலுக்குப் போகும். இது தொண்டா, வீண் பகட்டா என்பதுதான் இன்றைய வழக்கு. தொண்டுதான் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "சப்பாத்து, ரீசேட், தண்ணி, அம்புலன்ஸ் என்று செலவழிக்கிற காசை நேரே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல, செயற்கைக் கால் என்றால் என்னவென்று முதலில் பார்க்க வேண்டும்.

என் அயலில் ஒரு ஐயா இருக்கிறார். முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. வயலுக்கு வந்தால் வரம்பில் குந்தியிருந்து வாரைத் தளர்த்துவார். காலை மெல்ல உருவி எடுத்துப் பக்கத்தில் வைப்பார். பிறகு மிஞ்சின காலில் போட்டிருக்கிற துணி உறையைக் கழற்றிப் பிழிவார். வியர்வை சொட்டும். தோல் சிவந்து ஒரு இடத்தில் உரிந்திருக்கும். அதைச் சாரத் தலைப்பால் ஒற்றி, கொஞ்ச நேரம் காற்றுப்பட விட்டு, திரும்ப எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு சேற்றுக்குள் இறங்குவார். முதல் நாள் இறுக்கமாய் இருந்த செயற்கைக் காலின் கூடு, மிஞ்சின காலின் தசை மெலிய மெலியத் தளர்ந்துபோகும். தளர்ந்தால் உராயும், உராய்ந்தால் புண். பாதம் தேயும், வெடிக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். வளருகிற பிள்ளை என்றால் இன்னும் கெதியாக.

நடுவர் அவர்களே, ஒருவர் ஒரு நாள் மனமிரங்கிப் பெரிய தொகை கொடுக்கிறார். நல்ல மனம், கும்பிடுகிறேன். ஆனால் அந்தக் கால் தேய்கிற நாளில் அவர் எங்கே இருப்பார்? ஐயாவுக்குத் தேவை வருடா வருடம் நினைக்கிற ஒரு ஊர். ஓடுகிற பிள்ளை பதிவேட்டோடு படலை படலையாய் ஏறி இறங்கி, "கிலோமீற்றருக்கு இருபது ரூபா எழுதுங்கோ" என்று கேட்கிறபோது, ஏன் எதற்கு என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லித்தான் ஆக வேண்டும். இருபது ரூபா எழுதின வீடு, பிள்ளை எவ்வளவு தூரம் ஓடினான் என்று பின்னேரம் விசாரிக்கும். அடுத்த வருடமும் எழுதும்.

கற்பனை என்று நினைத்தால் கனடாவில் இருக்கிற உங்கள் பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள். செப்ரெம்பர் வந்தால் அங்கே பள்ளிக்கூடங்களில் ரெரி பொக்ஸ் ஓட்டம். ரெரி பொக்ஸ் என்ற கனடாப் பெடியனுக்கு எலும்புப் புற்றுநோய். 1977இல் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். 1980 ஏப்ரல் 12ஆம் திகதி, செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையில் ஓடத் தொடங்கினான், புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்க. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மரதன் தூரம். தொடக்கத்தில் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு 10,000 பேர் வாழ்கிற ஒரு சின்னத் துறைமுக ஊர் 10,000 டொலர் சேர்த்துக் கொடுத்தது. ஆளுக்கு ஒரு டொலர்! நாடு முழுவதும் அப்படித் தந்தால் என்ன என்ற எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது. 143 நாள், 5,373 கிலோமீற்றர். நோய் நெஞ்சுக்குப் பரவி ஓட்டம் நின்றது. அடுத்த வருடம் 22 வயதில் இறந்துபோனான். அதற்கு முன்பே சேர்ந்த காசு 24 மில்லியன் டொலரைத் தாண்டியிருந்தது. இன்றும் சேர்கிறது. அவன் வீட்டிலிருந்து ஒரு வேண்டுகோள் கடிதம் எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா?

"இது வெள்ளைக்காரன் பழக்கம்" என்றார் இரண்டாவது பேச்சாளர். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ப் போகிற அடியார்கள் முல்லைத்தீவு வழியாகத்தானே போகிறார்கள்? வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல் வைத்து மோர் ஊற்றுகிற ஊர் இது. உடம்பை வருத்தி நேர்த்தி வைப்பதை எங்களுக்கு யாரும் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் நடந்தார்களே, தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்காக! 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்தார்கள், காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக. கொழும்புப் பக்கம் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு பஸ் ஏறி அலைந்த குடும்பங்களுக்குத் தெரியும், அந்த நடை பகட்டா இல்லையா என்று.

வயது போனவர்களும் பெண்களும் ஓட முடியுமா என்றும் ஒரு கேள்வி வந்தது. 2023இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் எடுத்த அகிலத்திருநாயகி அம்மா முல்லைத்தீவுக்காரி. அப்போது அவவுக்கு 72 வயது. இதற்குமேல் நான் பேசத் தேவையில்லை.

இனி, எதிரணியில் அந்தத் தங்கச்சி கேட்டது. "ஓடி ஓடிக் களைத்த சனம். இதே றோட்டால் ஓடின சனம். இன்னும் ஓடச் சொல்கிறீர்களா?" மண்டபமே அமைதியானது. எனக்கும் தொண்டை அடைத்தது.

தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல். இந்த வரிசையை 2009இல் நாங்கள் காலால் படித்தோம். அப்போது விழுந்தவரைத் தூக்க நின்றவரும் விழுந்தார். நின்று பார்க்க முடியாமல் போனதுதான் இன்றைக்கும் நித்திரையைக் கெடுக்கிறது. தங்கச்சி, நாங்கள் செயற்கைக் கால் கேட்பது அந்த றோட்டில் கால் இழந்தவர்களுக்கும்தான். இந்த ஓட்டத்தில் ஒருவருக்குத் தசை பிடித்தால் பக்கத்தில் வருகிறவர் நிற்பார், காலைப் பிடித்து உருவிவிடுவார், தண்ணி கொடுப்பார், கூட நடப்பார். அந்த றோட்டில் ஒருவருக்காக ஒருவர் நிற்க எங்களுக்கு ஒரு நாள் வேண்டும். ஓட மனம் வராதவர்கள் ஓட வேண்டாம். படலையில் ஒரு குடம் தண்ணியோடு நின்றால் போதும்.

வெயிலைச் சொன்னீர்கள். பெரும்போக அறுவடை முடிகிற மாசியில், விடிய 4 மணிக்குத் தொடங்கட்டும். நாலைந்து மாதம் கொஞ்சம் கொஞ்சமாய்த் தூரம் கூட்டிப் பழகாதவரை முழுத் தூரத்துக்கு விடக்கூடாது. வெறும் தண்ணியை மட்டும் அளவில்லாமல் குடித்தால் உடம்பில் உப்புக் குறைந்து ஆபத்து. பந்தல்தோறும் ஜீவனி என்கிற உப்புச் சர்க்கரைக் கரைசலும் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியும் இருக்கட்டும். முப்பது கிலோமீற்றர் தாண்டினால் உடம்பில் சேர்ந்திருந்த சக்தி தீர்ந்து கால் கல்லாகும். அதற்கு வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் வேண்டும்.

ஒன்றில் எதிரணியோடு நானும் சேருகிறேன். கணக்கு. வந்த காசு எவ்வளவு, சப்பாத்துக்கும் பந்தலுக்கும் போனது எவ்வளவு, எத்தனை பேருக்குக் கால் போட்டது என்று சனசமூக நிலையப் பலகையில் எழுதி ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அடுத்த வருடம் ஓட விடாதீர்கள். அந்த நிபந்தனையோடு எங்கள் அணிக்குத் தீர்ப்புத் தாருங்கள், நடுவர் அவர்களே.

நான் விசுவமடு வரை ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். பதிவேடு மேடைக்குக் கீழே மேசையில் இருக்கிறது. கிலோமீற்றருக்கு ஐந்து ரூபா எழுதுகிறவர்களும் வந்து எழுதுங்கோ.